நண்டுப் பத்தியம்

குருநகரில் நண்டு பிடிக்கிற ஒருவனுடைய வீட்டில் ஆறு மாதமாக நண்டுக்கறியே காய்ச்சவில்லை என்றால் யார் நம்புவார்கள்? கிறிஸ்ரோபரின் வீட்டில் காய்ச்சவில்லை. விடியப்புறம் அவன் வலையிலிருந்து கழற்றிய நண்டெல்லாம் நேரே வியாபாரியின் வாடிக்குப் போய், நிறுவையாகி, ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்ததெல்லாம் விளைமீனும் திரளியுந்தான். அதையும் மஞ்சளைத் தாராளமாகப் போட்டுச் சொதியாக வைக்கச் சொல்லுவான். அந்த வீட்டில் இப்போது யாருக்கும் நோய் வருத்தம் இல்லை. பத்தியம் மட்டும் இருந்தது.

வருத்தம் வந்து போனது நான்கு வருடங்களுக்கு முன்பு. கிறிஸ்ரோபரின் மனைவி யோசப்பினுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்றார்கள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போகவும் வரவுமாக ஒரு வருடம் போனது. கடலில் காற்று திரும்பினால் என்ன செய்வது, வலை கடலடிப் பாரில் மாட்டினால் என்ன செய்வது என்றெல்லாம் கிறிஸ்ரோபருக்குக் கைவந்த பாடம். ஆஸ்பத்திரி விறாந்தையில் போட்டிருந்த வாங்கிலில் இருந்துகொண்டு என்ன செய்வதென்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. யோசப்பினின் பையை மடியில் வைத்திருந்தான். அதைத் திறந்து தண்ணீர்ப் போத்தல் இருக்கிறதா என்று பார்ப்பான். மூடுவான். பிறகும் திறப்பான். அவ்வளவுதான் அவனால் முடிந்த வைத்தியம்.

யோசப்பின் பிழைத்துவிட்டாள். நல்ல டொக்டர், நேரத்தோடு கண்டுபிடித்தது, அந்தோனியார், எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு என்று அவள் சொல்லுவாள். கடைசியாகத் துண்டு வெட்டி, இனி வரத் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய அன்று கிறிஸ்ரோபர் டொக்டரிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டான்.

"என்ரை மகளுக்கும் உது வருமோ, டொக்டர்?"

டொக்டர் இளம் ஆள். அவசரப்படாமல் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். இது பரம்பரையாக வருகிற வருத்தம் இல்லை. ஒரு வைரசால் வருவது. அந்த வைரசு அனேகம் பேருடைய உடம்புக்குள் வந்து, வந்தது தெரியாமலே போய்விடும். சிலருக்குள் மட்டும் போகாமல் தங்கி, வருடக்கணக்கில் இருந்து இப்படிச் செய்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஊசி போடுகிறார்கள். இரண்டு ஊசி, ஆறு மாத இடைவெளியில்.

"ஊசி என்ன செய்யும்?"

"உடம்பு பிறபொருளெதிரி எண்ட சாமானைச் செய்துவைக்கும் அண்ணை. வைரசு வந்த உடனை அதுகள் போய் வைரசிலை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிச்சுதெண்டால் வைரசாலை எங்கடை உடம்பைப் பிடிச்சு உள்ளை போக ஏலாது."

கிறிஸ்ரோபர் இரண்டு கைகளையும் தூக்கி, சேற்று நண்டின் கொடுக்குகளை மடக்கி நூலால் கட்டுவது போலச் செய்து காட்டினான். "இப்பிடியோ? நண்டு உயிரோடைதான் இருக்கும், ஆனால் கவ்வ ஏலாது?"

"ஓம். அதேதான்," என்றார் டொக்டர். உண்மையிலேயே அவருக்கு அது பிடித்துவிட்டது. இனி வருகிறவர்களுக்கும் இப்படியே சொல்லப்போகிறேன் என்றார். கிறிஸ்ரோபர் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வரவைப் பார்த்தால் அந்த ஊசியை அவனே கண்டுபிடித்தது போலத்தான் இருந்தது.

மகள் ஜெனிஸ் ஆறாம் வகுப்புக்கு வரும்வரை அவன் காத்திருந்தான். இந்த வருடம் மார்ச் மாதம் முதல் ஊசி போட்டார்கள். அழாமல் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்கு அப்பன்காரன் கன்டோஸ் சொக்லேட் வாங்கிக் கொடுத்தான். பின்னேரம் ஊசி போட்ட இடம் கொஞ்சம் தடித்து, தொட்டால் சுட்டது. அப்படித்தான் இருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று மிட்வைஃப் வசந்தினி முதலே சொல்லி அனுப்பியிருந்தார். கிறிஸ்ரோபர் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். அன்றிரவு முருங்கையிலை போட்ட நண்டுக்கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் கறியைப் பார்த்தான், பிள்ளையின் தோளைப் பார்த்தான்.

"நண்டு கிரந்தியெல்லே," என்றான்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பொழிப்புரை தேவையில்லை. காயம், வீக்கம், புண் இருக்கிறவன் நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய் தின்றால் எல்லாம் பொங்கிவிடும், அவைதான் கிரந்திச் சாப்பாடு. இந்த அறிவு குருநகரில் ஞானஸ்நானத்தோடு சேர்த்தே கிடைத்துவிடும். ஆனால் ஊசி வீக்கத்துக்கு இரண்டு நாள் நண்டு விலக்குவது ஒன்று. கிறிஸ்ரோபர் அதோடு நிற்கிற ஆளா? அவனுக்குத் தனிச் சாஸ்திரம் ஒன்று பிறந்துவிட்டது. பிள்ளையின் உடம்பு இப்போது உள்ளே இருந்துகொண்டு கொடுக்குக் கட்டப் பழகுகிறது. இரண்டாவது ஊசி போட்டால்தான் கட்டு இறுகும். அதுவரைக்கும் வாய் வழியாக நண்டை நண்டாக உள்ளே இறக்கினால், பழகுகிற உடம்பு எதைக் கட்டும், எதை விடும்?

யோசப்பின் திரும்பி நின்று கழுவின பானையையே மறுபடியும் கழுவினாள். சிரிக்கிறாள் என்பது முதுகில் தெரிந்தது.

"ஆறு மாசமோ, இஞ்சாருங்கோ?"

"ஆறு மாசந்தான். நானும் தின்னமாட்டன்."

சட்டியோடு அந்தக் கறி பக்கத்து வீட்டுச் சுவர்ணாவுக்குப் போனது. அங்கேதான் வினையும் தொடங்கியது. சுவர்ணாவின் மகள் நிவேதனாவும் ஜெனிஸின் வகுப்பு, அவளுக்கும் அன்றைக்கு ஊசி. கறி ஏன் வந்தது என்று சுவர்ணா விசாரிக்க, கிறிஸ்ரோபர் வேலிக்கரையில் நின்று விளக்கம் சொன்னான்.

"டொக்டர் சொன்னவரோ?"

"தெல்லிப்பழையிலை சொன்னதுதான்," என்று தலையாட்டினான் அவன்.

கொடுக்குக் கட்டுகிற கதையைத் தெல்லிப்பழையில் சொன்னது உண்மை. நண்டு தின்னக்கூடாது என்பதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் சுவர்ணா கேட்டது பத்தியத்தைப் பற்றி. அவன் தலையாட்டியதும் அதற்குத்தான். நாலு பேர் தன்னிடம் வைத்திய விளக்கம் கேட்பது அவனுக்கு வாழ்க்கையில் முதல்தடவை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு கிழமைக்குள் அவர்கள் வீட்டு ஒழுங்கையில் இருந்த ஆறாம் வகுப்புப் பெட்டைகள் எல்லாருக்கும் நண்டு நின்றுபோனது. அது தவக்காலம். இறைச்சி விலக்கியிருந்த வீடுகளில் நண்டும் விலகியது. தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறும் வந்தது, எல்லார் வீட்டிலும் ஆட்டிறைச்சி மணத்தது. கிறிஸ்ரோபரின் தவக்காலம் மட்டும் முடியவில்லை.

அவன் சொன்னபடியே தானும் நண்டு தொடவில்லை. கரையில் மற்றவர்கள் நண்டைச் சுட்டு உடைத்துத் தேநீரோடு தின்னும்போது இவன் தள்ளிப்போய் வலை தட்டுவான். கூட்டாளிகள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. கேட்டுக்கொண்டு சிரிப்பான். அந்த ஆறு மாதமும் அவன் சந்தோசமாக இருந்தான் என்பதுதான் உண்மை. பையைத் திறந்து மூடியதைத் தவிர வேறொன்றும் செய்யமுடியாமல் இருந்தவனுக்கு, மகளுக்காகச் செய்ய ஒரு வேலை கிடைத்திருந்தது. யோசப்பினுக்கு அது விளங்கியது. பத்தியம் வெறும் கதை என்றும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். நண்டு தின்னாமல் யாரும் சாகப்போவதில்லை, மனுசன் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

யூலையில் ஊர்க் கோயிலில் சந்தியோகுமையோர் பெருநாள் வந்தது. பெருநாளுக்கு அடுத்தநாள் சுவர்ணா வீட்டில் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். ஜெனிஸ் அங்கே விளையாடப் போய், பொழுதுபட வீட்டுக்கு வந்தாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். அன்றையிலிருந்து பிள்ளையின் கதைபேச்சுக் குறைந்துவிட்டது. தகப்பன் தோளைத் தொட்டால் விலகினாள். செபம் சொல்லும்போது மட்டும் முழந்தாளில் நெடுநேரம் இருந்தாள்.

"பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டான் கிறிஸ்ரோபர்.

"வளருற பிள்ளை. உப்பிடித்தான் இருக்கும்," என்றாள் யோசப்பின். ஆனால் அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

செப்ரெம்பரில் இரண்டாவது ஊசி நாள் வந்தது. கிறிஸ்ரோபர் கரையில் நின்று நண்டு கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வசந்தினி.

"கிறிஸ்ரோபர் அண்ணை, ஒருக்கால் பள்ளிக்கூடத்துக்கு வந்திட்டுப் போறியளோ? ஜெனிஸ் ஊசி போடமாட்டன் எண்டு நிக்கிறா."

"பயமாமோ?"

"பயம் எண்டால் நான் பாத்திருப்பன். நீங்கள் வாங்கோ."

வலையைக் கூட்டாளியின் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் வேறு சேட்டுப் போட்டுக்கொண்டு, யோசப்பினையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். சேட்டை மாற்றினானே தவிர கையில் நண்டு மணம் அப்படியே இருந்தது.

மண்டபத்தில் ஊசி போட்ட பிள்ளைகள் ஒரு பக்கம் தோளைப் பிடித்துக்கொண்டு கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கத்தில் ஒரு வாங்கிலில் நாலு பேர் தனியாக இருந்தார்கள். ஜெனிஸ், நிவேதனா, இன்னும் இரண்டு பேர், நாலும் ஒரே ஒழுங்கை. பக்கத்தில் சுவர்ணா முகம் வெளிறி நின்றாள். அவளுக்கும் போன் போயிருந்தது. கிறிஸ்ரோபரைக் கண்டதும் ஜெனிஸ் எழும்பினாள்.

"அப்பா, என்ரை ஊசியை வேறை ஆருக்காவது குடுக்கச் சொல்லுங்கோ. எனக்குப் போட்டு வேலையில்லை."

"ஏன் பிள்ளை?"

"நான் பழுதாக்கிப்போட்டன்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "பெருநாளுக்கு அடுத்தநாள் சுவர்ணா அன்ரி வீட்டிலை கூழ் குடிச்சனான். நண்டுக்கால் கிடந்தது. நான் எடுத்து அங்காலை வைச்சிருக்கலாம். சாப்பிட்டிட்டன்."

மற்ற மூன்று பேரும் அதே கூழ்ப்பானைதான். முதலில் ஜெனிஸ் வரிசையிலிருந்து விலக, அதைக் கண்டு மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகியிருக்கிறார்கள். சுவர்ணா கிறிஸ்ரோபரின் பக்கம் திரும்பினாள்.

"பெருநாள் கூழெண்டு நினைவில்லாமல் நான்தான் வாத்தனான், அண்ணை. பத்தியம் முறிஞ்ச உடம்பிலை ஊசியை ஏத்தினால் மறுத்து வேறை வருத்தம் கொண்டுவராதோ? மற்ற ரெண்டு பேற்றை அம்மாமாரும் போனிலை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம்."

"நான் சொல்லிக் களைச்சுப்போனன்," என்றார் வசந்தினி. "உந்த ஊசிக்குப் பத்தியம் எண்டு ஒண்டும் இல்லை. நண்டு திண்டால் ஒண்டும் செய்யாது. ஆனால் இவை கேட்டால்தானே. தெல்லிப்பழை டொக்டர் ஜெனிஸின்ரை அப்பாவுக்குச் சொன்னவராம். டொக்டர் சொன்னதுக்கு மேலை மிட்வைஃப் என்னத்தைச் சொல்லுறது?"

எல்லாரும் கிறிஸ்ரோபரைப் பார்த்தார்கள். வகுப்பு ரீச்சரும் பார்த்தார். ஊசி போட்ட பிள்ளைகளின் சிரிப்புக்கூட நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு பொய் வந்தது. நல்ல பொய், உடனே பலிக்கக்கூடியது. கூழில் போட்ட நண்டு கிரந்தி இல்லை, ஒடியல் மா அதை முறித்துவிடும் என்று சொன்னால் போதும். சுவர்ணா நம்புவாள். பிள்ளைகள் நம்புவார்கள். நாலு பேருக்கும் ஊசி ஏறும். அவனுடைய பெயருக்கும் ஒரு கீறல் விழாது. அவன் வாயைத் திறந்தும்விட்டான்.

ஜெனிஸ் அவனுடைய சேட்டின் ஓரத்தைப் பிடித்தாள். மற்றவர்களுக்குக் கேட்காமல் சொல்ல நினைத்தாள், ஆனால் மண்டபம் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமோ?"

இரண்டு மாதமாக இந்தப் பிள்ளை இதை வைத்துக்கொண்டுதான் நித்திரைக்குப் போயிருக்கிறாள். இதை வைத்துக்கொண்டுதான் முழந்தாளில் இருந்திருக்கிறாள். எந்த வருத்தம் அவளுக்கு வந்துவிடக்கூடாதென்று அவன் ஊசி நாளை எண்ணிக்கொண்டிருந்தானோ, அதே வருத்தத்துக்கு எதிரான ஊசியைத் தன்னுடைய கையாலேயே அவளிடமிருந்து பறிக்கப் பார்த்திருக்கிறான். அந்தப் பொய்யைச் சொன்னால் இன்றைக்குத் தப்பலாம். நாளைக்கு அவள் வேறு எதையாவது தின்றுவிட்டு மறுபடியும் பயந்துகொண்டு படுப்பாள்.

"டொக்டர் சொல்லேல்லை," என்றான்.

"என்ன?" என்றாள் சுவர்ணா.

"நண்டு தின்னக்கூடாதெண்டு டொக்டர் சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. அது நானாச் சொன்னது." குரல் அவனுக்கே பிறத்தியாருடையது போல இருந்தது. "நீ கேட்டனி, டொக்டர் சொன்னவரோ எண்டு. நான் தலையாட்டிப்போட்டன். பத்தியமெண்டு ஒண்டும் இல்லை. மிஸ் சொல்லுறதுதான் சரி. அந்த ரெண்டு பேற்றை அம்மாமாருக்கும் போன் எடுத்துத் தாங்கோ மிஸ், அவைக்கும் நானே சொல்லுறன்."

சுவர்ணா அவனைப் பார்த்த பார்வையில் ஆறு மாத நண்டுக்கறியும் இருந்தது. ஆனால் அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. மகள்தான் இன்னும் சேட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப ஏன் சொன்னனீங்கள்?"

"பயத்திலை, பிள்ளை."

"என்ன பயம்?"

"உனக்கு வந்த பயந்தான் எனக்கும். அம்மா ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை என்னாலை ஒண்டும் செய்ய ஏலாமல் கிடந்தது. உனக்கெண்டாலும் ஏதாவது செய்யவேணும் போலை இருந்தது. ஊசியை மிஸ் போடுறா. எனக்கெண்டு ஒரு வேலையும் இல்லை. அதுதான்."

ஜெனிஸ் சேட்டை விட்டாள். "அப்ப நான் ரெண்டு மாசம் சும்மாவோ அழுதனான்?"

"ஓம் பிள்ளை. என்னாலைதான்."

அவள் அழவில்லை. அதைவிட மோசமாக, அவனைத் திரும்பிப் பார்க்காமல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கதிரையில் ஏறி இருந்து, சட்டைக் கையை மேலே மடித்துவிட்டாள். ஊசி ஏறும்போது தாயின் விரல்களை மட்டும் இறுக்கினாள். அவளுக்குப் பின்னால் நிவேதனா வந்தாள். கிறிஸ்ரோபர் மண்டபத்து மூலையில் நின்று இரண்டு தாய்மாரிடமும் போனில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஒருத்தி நல்லாய் ஏசினாள். அவன் ஓம், ஓம் என்று கேட்டான். கடைசியில் இரண்டு பேரும் சம்மதித்தார்கள். வாங்கில் வெறுமையானது.

ஊசி போட்ட பிள்ளைகள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்பலாம். ஜெனிஸுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இருந்தது. அதில் இருக்கலாமோ என்று தெரியாமல் கிறிஸ்ரோபர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெனிஸ் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்கள் கரையிலை சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை."

"ஒருத்தரும் பாக்காத நேரத்திலை?"

"இல்லை, பிள்ளை."

"மற்றவை எல்லாரும் சுட்டுச் சாப்பிடேக்கையும்?"

"அப்பவும் இல்லை."

அவள் யோசித்தாள். பொய்யான பத்தியத்தை உண்மையாகப் பிடித்த ஒருவனை என்ன செய்வதென்று பதினொரு வயதுக்கு உடனே தெரிந்துவிடாது. கடைசியில் கதிரையைத் தன் பக்கம் இழுத்துவிட்டாள்.

"பாவம் நீங்கள்," என்றாள்.

அவன் இருந்தான். அவளுடைய புத்தகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். யோசப்பின் அதைக் கண்டாள். கண்ணைத் துடைத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் கரையிலிருந்து கூட்டாளி கொண்டுவந்து கொடுத்த நண்டு, முருங்கையிலை போட்டுக் கொதித்தது. முதல் சட்டி சுவர்ணா வீட்டுக்குப் போனது. கொண்டுபோனவன் கிறிஸ்ரோபர். சுவர்ணா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "உதுக்கு என்ன பத்தியம்?" என்றாள். அவனுக்கு அது போதும் என்று தோன்றியது, திரும்பி வந்தான்.

மூவரும் பாயில் சுற்றி இருந்தார்கள். சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் கறியும் வந்தது. கிறிஸ்ரோபரின் கை சோற்றோடு நின்றது. ஆறு மாதப் பழக்கம் அப்படி லேசில் விடுமா? யோசப்பின் ஒரு கொடுக்கை உடைத்து, சதையை உருவி அவனுடைய கோப்பையில் வைத்தாள்.

"உது பொய்யெண்டு எனக்கு முதலே தெரியும்," என்றாள். "உங்கடை நிம்மதிக்கெண்டு நானும் பேசாமல் இருந்தனான். அது என்ரை பிழை." இன்னொரு கொடுக்கை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "இனிப் பயம் வந்தால் என்னட்டைச் சொல்லுங்கோ. பிள்ளையின்ரை கோப்பையிலை போடாதேங்கோ."

"ஓம்," என்றான் அவன். நண்டை எடுத்து வாயில் வைத்தான். நல்ல உறைப்பு. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது உதவியாக இருந்தது.

ஜெனிஸ் இடது தோளை ஆடாமல் வைத்துக்கொண்டு வலது கையால் நண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"அப்பா, இப்ப உள்ளை கொடுக்குக் கட்டிக்கொண்டிருக்குமோ?"

"கட்டும்."

"எவ்வளவு காலத்துக்கு அவிழாமல் இருக்கும்?"

கிறிஸ்ரோபர் வாயைத் திறந்தான். விடை நாக்கின் நுனிவரைக்கும் வந்திருந்தது, வழக்கம்போல அழகாக, காரணங்களோடு. யோசப்பின் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றான். "நாளைக்கு ரெண்டு பேருமாப் போய் மிஸ்ஸிட்டைக் கேப்பம்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, தன்னால் உடைக்க முடியாத கொடுக்கை அவனிடம் நீட்டினாள்.